நாடு இல்லாத மொழி

உலகில் ஒரு மொழி இருக்கிறது. அதற்கு நாடு இல்லை, ராணுவம் இல்லை. அதைப் படித்தால்தான் உத்தியோகம் என்று எந்த சர்க்காரும் சொன்னதில்லை. ஆனாலும் 1887-ம் ஆண்டில் பிறந்த அந்த மொழி இன்றும் பேசப்படுகிறது.

அதன் பெயர் எஸ்பெராண்டோ. உண்டாக்கியவர் ஒரு கண் டாக்டர். பெயர் ஜாமென்ஹாப்.

நாலு பாஷை ஊர்

ஜாமென்ஹாப் 1859-ல் பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது. அன்று ரஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. போலந்துக்காரர், ரஷியர், ஜெர்மானியர், யூதர் என நாலு வகை மக்கள், நாலு பாஷை. ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. அதனால் சந்தேகம்; சந்தேகத்தால் சண்டை.

யூதச் சிறுவனான ஜாமென்ஹாப் இதைப் பார்த்து வளர்ந்தார். வீட்டில் அவரவர் தாய்மொழி இருக்கட்டும். வெளியே பேச, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது மொழி வேண்டும் என்று நினைத்தார்.

1887-ல் வார்சா நகரில் அவருடைய சிறு புத்தகம் வெளிவந்தது. அச்சுச் செலவுக்கு உதவியவர் வருங்கால மாமனார். "டாக்டர் எஸ்பெராண்டோ" என்ற புனைபெயரில் எழுதினார். "நம்பிக்கை கொண்டவர்" என்பது அதன் பொருள். அந்தப் பெயரே மொழிக்கும் நிலைத்துவிட்டது.

பதினாறே விதிகள்

இலக்கணம் மொத்தம் 16 விதிகள்தான். பெயர்ச்சொல் எல்லாம் "ஓ" என்று முடியும். "போனா" என்றால் நல்ல. முன்னால் "மால்" சேர்த்து "மால்போனா" என்றால் கெட்ட. "லெர்னி" என்றால் கற்பது; "லெர்னேயோ" என்றால் பள்ளிக்கூடம். நாம் "நூல்" என்பதோடு "அகம்" சேர்த்து "நூலகம்" என்கிறோமே, அந்த மாதிரி.

இரண்டு தகப்பன்மார்

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஷ்லேயர் என்ற ஜெர்மன் பாதிரியார் "வோலாபுக்" என்ற மொழியை உண்டாக்கியிருந்தார். அதற்கு ஏராளமான சங்கங்கள் இருந்தன. 1889-ல் பாரிஸ் மாநாட்டில் அந்த மொழியிலேயே பேசினார்கள். சிலர் திருத்தங்கள் கேட்டார்கள். "கடைசி முடிவு என்னுடையதே" என்பதில் பாதிரியார் பிடிவாதமாக நின்றார். சங்கங்கள் உடைந்தன. மொழியும் படுத்துவிட்டது.

ஜாமென்ஹாப் அப்படிச் செய்யவில்லை. முதல் புத்தகத்திலேயே தன் உரிமைகளை விட்டுக்கொடுத்தார். மொழி எல்லாருடைய பொதுச்சொத்து என்று அறிவித்தார். 1905-ல் பிரான்சில் பூலோன் நகரில் நடந்த முதல் உலக மாநாட்டுக்கு 688 பேர் வந்தார்கள். பல தேசத்தார் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொண்டார்கள்!

சிறையும் சாவும்

1917-ல் ஜாமென்ஹாப் காலமானார். பிறகுதான் பெரிய சோதனை வந்தது.

இது யூதர்களின் சதி என்றார் ஹிட்லர். ஜெர்மனியில் சங்கங்கள் மூடப்பட்டன. ஜாமென்ஹாபின் மகன் ஆதாம் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள்கள் சோபியா, லிடியா இருவரும் 1942-ல் டிரெப்ளிங்கா முகாமில் மாண்டார்கள். ஸ்டாலினின் ரஷியாவிலும் 1937, 1938-ம் ஆண்டுகளில் எஸ்பெராண்டோக்காரர்கள் கைதானார்கள்; பலர் உயிரிழந்தார்கள். வெளிநாட்டாருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்ததே குற்றமாகிவிட்டது.

பிழைத்தது எப்படி?

மிஞ்சியவர்கள் யுத்தத்துக்குப் பிறகு மறுபடி கூடினார்கள். 1954-ல் யுனெஸ்கோ இம்மொழிக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. ஆனால் மொழியைக் காப்பாற்றியது தீர்மானம் அல்ல, சாதாரண மனிதர்கள்.

வெளிநாட்டு எஸ்பெராண்டோக்காரருக்கு வீட்டில் இலவசமாக இடம் தருகிறவர்களின் முகவரிப் புத்தகம் ஒன்று 1974-ல் தொடங்கியது. விருந்தாளி அந்த மொழியில் பேச வேண்டும், அதுதான் வாடகை. ரயில்வே ஊழியர்களுக்கென்று தனியாக ஒரு சர்வதேச எஸ்பெராண்டோ சம்மேளனமே உண்டு. மாநாட்டில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்ட இரு நாட்டுத் தம்பதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு எஸ்பெராண்டோ தொட்டில் மொழி!

டாக்டர் ஆசைப்பட்டபடி அது உலகப் பொதுமொழி ஆகவில்லை. அந்த இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. இதைப் படித்தால் சம்பளம் உயராது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் படிக்கிறார்கள்.

மராத்தியும் இந்தியும் பேசும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை உட்கார வைத்து "அ, ஆ" எழுதக் கற்றுக்கொடுக்கும் தமிழ்த் தகப்பனுக்கு அவர்கள் மனசு புரியும்.