நெல் லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது

2025-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-லேயே திறந்தது. டெல்டாவில் குறுவை நன்றாக விளைந்தது. அக்டோபரில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் எடை போட்ட சிப்பங்கள் கிடங்குக்குப் போகாமல் தேங்கி, மழையில் நனைந்தன. தேக்கத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் அந்த நாட்களில் ஒரு லாரி பட்டறையில் படுத்துவிட்டால் நஷ்டம் அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை. நிலையத்தில் இடம் காலியாகாது. அடுத்த விவசாயியின் நெல் களத்திலேயே கிடக்கும். அதனால்தான் இன்ஜின் ஆயில், பில்டர் பற்றிய பேச்சு இங்கே லாரிக்காரர்களின் சொந்த விஷயம் மட்டுமல்ல.

நெல் லாரியின் ஓட்டமே தனி. கொள்முதல் நிலையத்தில் காத்திருந்து, 40 கிலோ சிப்பங்களை ஏற்றி, பக்கத்துக் கிடங்குக்கோ ரயிலடிக்கோ போய், அங்கே வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இறக்கித் திரும்ப வேண்டும். சென்னைக்கு நேராக ஓடும் லாரி மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 கிலோமீட்டருக்கு அதன் இன்ஜின் 250 மணி நேரம் ஓடியிருக்கும். வரிசையில் நகரும் நெல் லாரிக்குச் சராசரி 10 கிலோமீட்டர்தான் என்றால், அதே தூரத்துக்கு இன்ஜின் 1,000 மணி நேரம் உழைத்திருக்கும். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். சம்ப்பில் இருக்கும் ஆயிலுக்கு இரண்டும் ஒன்றல்ல. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது டீசல் சரியாக எரியாமல் கரி சேர்கிறது. எரியாத டீசல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்கிறது.

அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில்தான் வாடகை பேசுகிறோம், மணிக்கணக்கில்தான் ஆயிலும் மாற்றுகிறோம். அது அறுத்த நெல்லைச் சுமக்கும் லாரிக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கு பார்ப்பது சரியில்லை. புதிய லாரிகள் பலவற்றில் இன்ஜின் மணி நேரம் டேஷ்போர்டிலேயே தெரியும். இல்லாவிட்டால் டிரைவர் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கென்று தனியாக ஒரு குறைந்த இடைவெளி போட்டிருப்பார்கள். நெல் லாரிக்கு அதுதான் பொருந்தும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். டிரைவர்களுக்கு நெடுநாள் தாமதமாகக் கிடைத்த நியாயம் அது. ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரமும் இனி கூடும். மணிக்கணக்கு இன்னும் அவசியமாகும்.

ஆயிலைப் பற்றிப் பேசுமுன் ஏர் பில்டரைப் பார்த்துவிட வேண்டும். டெல்டாவில் இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் காற்று வழியாக வரும் தூசிதான் என்பது என் உறுதியான எண்ணம். நெல்லைத் தூற்றும்போது உடம்பில் ஒட்டி அரிக்கும் சுணையை எல்லோருக்கும் தெரியும். உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. களத்து மண்ணோடு கலந்து இந்தச் சுணையும் உமித்தூளும் உள்ளே போனால், லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிறகு எந்த விலை ஆயில் ஊற்றினாலும் லாரி ஆயில் குடிக்கும், புகை தள்ளும்.

ஏர் பில்டர் கூட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு பில்டர்கள் இருக்கும். வெளியில் உள்ளது பெரியது. உள்ளே இருப்பது பாதுகாப்புக்கு. பெரியதை டயரில் தட்டுவதும், கம்பிரஷர் காற்றை வெளிப்பக்கத்திலிருந்து பீய்ச்சுவதும் நம் ஊர்ப் பழக்கம். தட்டினால் விளிம்பு நசுங்கி, ரப்பர் சீல் சரியாக உட்காராது. வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும். கையேடு அனுமதித்தால் மட்டும், குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே ஊதலாம். உள் பில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். அடிக்கடி திறப்பதும் நல்லதல்ல. லேசாகத் தூசி படிந்த பில்டர் புதியதைவிட நன்றாகவே பிடிக்கும். அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்புக்கு வரட்டும், அப்போது கை வைக்கலாம். சந்தேகமாக இருந்தால் பில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் எங்கோ கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது ரப்பர் வெடித்திருக்கிறது.

இனி ஆயில். கேனில் பெரிதாக அச்சிட்ட 15டபிள்யூ-40 என்பது தடிமனை மட்டும் சொல்கிறது. முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. மார்கழியிலும் 20 டிகிரிக்கு அருகில் நிற்கும் தஞ்சாவூரில் அது பெரிய கவலையில்லை. கவனிக்க வேண்டியது ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் தரக் குறியீடு. சிஐ-4 தரம் 2002-இல் வந்தது, சிகே-4 2016 டிசம்பரில்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 புகை விதி வந்தபோது டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.மாகக் குறைந்தது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் சேர்ந்தது. அது பிடித்த கரியைத் தானே எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து விடும் சாம்பலை எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கி வழியை அடைக்கும். அதனால்தான் சிகே-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சிஐ-4-க்கு அந்த வரம்பு இல்லை. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று பி.எஸ்-6 லாரியில் சிஐ-4 ஊற்றினால், ஆயிலில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கை டி.பி.எஃப். கேட்டுவிடும். பழைய லாரியில் சிகே-4 ஊற்றுவதில் தவறில்லை. சிஐ-4 பிளஸ்ஸே அதற்குப் போதும். புகை தள்ளும் வண்டிக்கு 20டபிள்யூ-50 போல் தடித்த ஆயில் ஊற்றுவது, தேய்ந்த ரிங்கைச் சில மாதம் மறைத்து வைப்பதுதான்.

டி.பி.எஃப். கரியை எரிக்கும்போது புகைக்குழாய்ப் பக்கம் சூடு 500, 600 டிகிரியைத் தொடும். வைக்கோல் பரப்பிய சாலையிலோ களத்து ஓரத்திலோ லாரியை நிறுத்தி அந்த வேலையைச் செய்யக் கூடாது. இடையில் இன்ஜினை அணைத்து அணைத்து அது முடியாமலே போனால், அதற்கென்று கூடுதலாகத் தெளித்த டீசல் சம்ப்பில் சேரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கறுத்துப்போவது மட்டும் கெட்டதன் அடையாளமில்லை. கரியைத் தன்னோடு சுமப்பது ஆயிலின் வேலை. பால் நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் கலந்திருக்கிறது.

ஆயில் பில்டரை ஆயிலோடு சேர்த்தே மாற்ற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. விலை குறைந்த போலியில் அந்த வால்வின் ஸ்பிரிங்கும் மலிவாகத்தான் இருக்கும். கழற்றிய பில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. டீசல் பில்டருக்கு மழைக்காலத்தில் ஒரே வேலை: அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுவது. காமன் ரெயில் இன்ஜெக்டரின் இடைவெளி சில மைக்ரான்தான்; ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்கு அதிகம்.

கனரக லாரியில் ஒரு தடவைக்குப் பதினைந்து லிட்டருக்கு மேல் பழைய ஆயில் இறங்கும். 2016-இன் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் வந்திருக்கிறது. பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஊற்றாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் எடுத்துப் போகும்வரை டிரம்மில் மூடி வைக்க வேண்டும். காலி கேனையும் அப்படியே எடைக்குப் போட்டுவிடக் கூடாது; மூடியையும் அடியையும் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குறுவைக்கு அதிலேயே போலி ஆயில் கடைக்கு வரும்.