ஆவடிக்கு அடியில் பிளந்த கண்டம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கங்களில் ஆழ்குழாய்க் கிணறு இறக்குபவர்கள், மேலேயுள்ள மணலையும் வண்டலையும் கடந்து ஆழம் சென்றதும், சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாகப் பிரியும் மென்மையான களிப்பாறையைச் சந்திப்பதுண்டு. நீர் தரும் குணம் அதற்கு மிகவும் குறைவாதலால் வீட்டுக்காரர் முகம் வாடுவது இயல்பே; ஆயினும் பாரத பூமியின் ஜனன வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அதனினும் சிறந்த சாசனம் அகப்படுவது அரிது.

ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்று புவியியலார் வழங்கும், சிலர் ஆவடியின் பெயராலேயே குறிப்பிடும் இப்பாறையின் ஏடுகளுக்கிடையே டைலோபில்லம் முதலிய மறைந்துபோன தாவரங்களின் இலைப் பதிவுகளும், அவற்றோடு கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் காணப்படுகின்றன. காட்டு இலையும் கடற்பிராணியும் ஓரிடத்தில் புதைந்தது எவ்வாறு?

சுமார் 13 கோடி ஆண்டுகட்கு முன், இன்றைய நமது கீழைக் கடற்கரை அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்தது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியவற்றையும் ஒருகாலத்தில் தன்னுள் அடக்கியிருந்த அந்த மகா கண்டத்துக்கு, நம் நாட்டுக் கோண்டு மக்களின் பிரதேசத்தை நினைந்து, கோண்ட்வானா என்று பெயரிட்டவர் எட்வர்டு ஸூயெஸ். பூமியின் உட்புற உஷ்ணத்தாலும் இருபுறத்து இழுவிசையாலும் அக்கண்டம், பிசைந்த மாவை இரு கையாலும் இழுத்தாற்போல, நடுவில் மெலிந்து விரிசல் கண்டது. விரிசல்களுக்கு இடைப்பட்ட நிலம் படிப்படியாகக் கீழிறங்கிப் பள்ளங்களாயிற்று. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைகாட்டும் சார்னோக்கைட்டைப் போன்ற, சுமார் 250 கோடி ஆண்டுத் தொன்மையுடைய பாறைகள் அப்பள்ளத்தில் ஆழ்ந்து போக, அவற்றின்மீது ஆறுகள் சேற்றையும் சருகுகளையும் கொண்டுவந்து நிரப்பின. தாழ்ந்த நிலத்துள் புதிதாய்ப் பிறந்த கடலும் அவ்வப்போது புகுந்து சென்றது. பாலாற்றுப் படுகை என்னும் அப்பள்ளத்தின் நிரப்பே நம் காலடிக் களிப்பாறை. காவேரிப் படுகையும் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையும் இதன் சகோதரப் பள்ளங்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் ஆல்பிரட் வெக்னர் வாதித்தபோது, நகர்த்தும் சக்தி எது என்று கேட்டு அறிஞருட் பலர் அவரை நிராகரித்தனர். 1960-களில் சமுத்திரத் தரையை ஆராய்ந்த பின்னரே விடை தெளிவாயிற்று. பூமியின் மேலோடு, அதனடியிலுள்ள கவசத்தின் உறுதியான மேற்பகுதியோடு இணைந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிப்புள்ள தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அத்தட்டுகளைத் தாங்கும் கவசம் திடப்பொருளேயாயினும், கடும் வெப்பத்தால் யுகக்கணக்கில் மெல்ல இழைந்து நகரக்கூடியது. கடல்நடு மலைத்தொடர்களில் பாறைக்குழம்பு உறைந்து புதிய தரை உண்டாகிறது. அது காலப்போக்கில் குளிர்ந்து, கனத்து, ஆழ்கடல் அகழிகளில் மூழ்கும்போது தன் பின்னுள்ள தட்டையும் இழுத்துச் செல்கிறது.

அவ்வாறு இழுக்கப்பட்ட இந்தியத் தட்டு, ஒரு காலத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் வடக்கே விரைந்து, சுமார் 5 கோடி ஆண்டுகட்கு முன் ஆசியாவோடு மோதி, இடைக்கிடந்த கடற்படிவுகளை மடித்து இமயமாக உயர்த்தியது. மோதல் ஓய்ந்துவிடவில்லை. இன்றும் நாம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காகச் செல்வதைச் செயற்கைக்கோள் அளவைகள் காட்டுகின்றன. 1964-ல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, அக்கணக்கின்படி, இதற்குள் 3 மீட்டர் இடம் பெயர்ந்திருக்க வேண்டும். நினைக்க நினைக்க நெஞ்சை விம்மச் செய்யும் விஷயம் இது!

தட்டின் விளிம்புகளிலேதான் பெரும் விபரீதங்கள் நேர்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவை அடுத்து, இந்தியத் தட்டு கீழிறங்கும் எல்லை 1,000 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்கு நழுவியபோது எழுந்த ஆழிப்பேரலை சென்னைக் கரையில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நாம் மறக்கவியலாது. நமது கரை அத்தகைய விளிம்பன்று. பிரிவு முடிந்து அமைதியுற்ற ஓரம். ஆயினும் இமயத்தில் மோதும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுவதால், கண்டம் பிளந்த காலத்துப் பழைய விரிசல்கள் எப்போதாவது அசைந்து கொடுக்கின்றன. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏறத்தாழ 5.5 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைச் சென்னைவாசிகள் உணர்ந்தார்கள்.