கடுகு போன்றதெல்லாம் கடுகாகுமா?



சென்ற பங்குனியில் ஒருநாள், பாடம் முடிந்ததும் சிறுவன் ஒருவன் கைக்குட்டையில் முடிந்திருந்த கறுப்பு விதைகளை என்னிடம் காட்டினான். “ஹஜ்ரத், நீங்கள் சொன்ன நாய்க்கடுகு! தாளிப்பதற்கு அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன்” என்றான். விதைகளைக் கண்டதும் திடுக்கிட்டேன். அவன் கொணர்ந்தது நாய்க்கடுகு அன்று. பிரம்மதண்டு எனப்படும் குடியோட்டிப் பூண்டின் விதை. செடியின் பெயரை மட்டும் சொல்லி, அடையாளத்தைச் சொல்லாமல் விட்ட பிழை என்னுடையதே. அப்பிழையைத் திருத்தவே இக்கட்டுரை.

நாய்க்கடுகை நாய்வேளை என்றும் அழைப்பர். லால்பேட்டையின் கொடிக்கால் ஓரங்களிலும், வீராணம் ஏரிக்கரையிலும், நம் வீட்டுக் கொல்லைகளிலும் மழை கண்டதும் தானே முளைத்து, சில மாதங்களில் பூத்துக் காய்த்து மடிந்துவிடும் செடி இது. களையென்று நாம் பிடுங்கி எறிகிறோம். வடக்கே உத்தராகண்ட் மாநிலத்தின் கட்வால் மலைப்பகுதி மக்களோ இதன் விதையை ‘ஜக்கியா’ என்று பெயரிட்டுப் போற்றுகின்றனர். உருளைக்கிழங்கு, கீரை முதலிய கறிகளுக்கு இதனையே தாளிக்கின்றனர். சூடான எண்ணெயில் பொரிந்து, பல்லில் படும்போது மொறுமொறுப்பாக இருப்பது இதன் தனிச்சுவை.

இனி அடையாளங்களைக் கவனியுங்கள். நாய்க்கடுகுச் செடியைத் தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். கடுமையான வாடை வீசும். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும். பூ மஞ்சள் நிறம்; இதழ்கள் நான்கு. காய் நீண்டு மெலிந்து மேல்நோக்கி நிற்கும். விதை கடுகினும் சிறியது. சற்றே தட்டையாய், வளைந்து, மேலே நுண்ணிய வரிகளுடன் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். வெண்ணிறப் பூப் பூக்கும் நல்வேளை இதன் உறவுச் செடியே எனினும் வேறானது.

குடியோட்டிப் பூண்டிலோ இலையெங்கும் முள். பச்சை இலையில் வெண்ணிற நரம்புகள் ஓடும். தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். காயும் முள் நிறைந்தது. பூ மஞ்சளாக இருப்பதும், விதை கடுகைப் போல் உருண்டு கறுத்திருப்பதுமே ஏமாற்றம் தருகின்றன.

இந்த ஏமாற்றத்தின் விலை சிறிதன்று. 1998ஆம் ஆண்டு டில்லியில், இவ்விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களுக்குக் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, இதயம் நலிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாளித்தால் நஞ்சு நீங்கிவிடும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

ஐயமற வேண்டுமெனில், வெளியே பொறுக்குவதை விடுத்து வீட்டிலேயே வளர்ப்பது நன்று. பிசுபிசுப்பும் நாற்சிதழ் மஞ்சள் பூவும் கண்டு உறுதிசெய்த ஒரு செடியில் விதை எடுங்கள். புது விதை எளிதில் முளைக்காது; சில மாதங்கள் உலர்வாக வைத்திருங்கள். ஆடி, ஆவணியில், வெயில் படும் இடத்தில், நீர் தேங்காத மண்ணில் மேலாகத் தூவி, மிக மெல்லிய மண்ணால் மூடி, நீர் தெளித்து வாருங்கள். உரம் அதிகம் வேண்டாம்.

காய்கள் பழுத்து நிறம் மாறியதும், வெடிப்பதற்கு முன்பே அறுத்துத் துணியில் உலர்த்தித் தட்டினால் விதை உதிரும். புடைத்துச் சுத்தம் செய்து சிறிதளவே தாளிக்கப் பயன்படுத்துங்கள். மருந்தென்று எண்ணி அள்ளி உண்ணலாகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளவே வேண்டாம்.

அந்தச் சிறுவனை அன்று மாலையே வேலியோரம் அழைத்துச் சென்று இரு செடிகளையும் தொட்டுப் பார்க்கச் செய்தேன். ஒன்று கையில் ஒட்டியது, மற்றொன்று குத்தியது. நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் காட்டிக் கொடுங்கள். அதன் பிறகே அடுப்பை மூட்டுங்கள்.