பிரிவு வேறு, பிளவு வேறு!

கருத்து மாறுபட்டால் பிரிவு தோன்றும். அது அறிவு விழித்திருப்பதற்கு அடையாளம். அதை நாம் குறை கூறோம். ஆனால், பிரிவு முற்றி உரிமைச் சண்டையானால் அதன் பெயர் பிளவு.

வைணவத்தைப் பாருங்கள். வடகலை, தென்கலை இரண்டுக்கும் இராமானுசரே ஆசான். பின்னாளில் வடகலையார் வேதாந்த தேசிகரைப் போற்றினர். தென்கலையார் பிள்ளை லோகாசாரியாரையும் மணவாள மாமுனிகளையும் போற்றினர். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் பக்தனும் முயலவேண்டும் என்றது ஒரு கலை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் ஆண்டவனே காப்பான் என்றது மற்றொன்று. இப்படி 18 வேற்றுமைகள் என்று கணக்கும் எழுதினர். வாதம் செய்யட்டும், தவறில்லை!

ஆனால், காஞ்சி வரதராசர் கோயிலில் நடந்தது என்ன? பிரபந்தம் ஓதும் உரிமை எவர்க்கு, எந்த ஆசாரியரின் தனியனைச் சொல்வது என்பதற்காக 19ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றப் படி ஏறினர். இந்த நூற்றாண்டிலும் சச்சரவு ஓயவில்லை. குரங்கும் பூனையும் மறைந்தன; மிராசும் மரியாதையும் மிஞ்சின!

நாம் கேட்கிறோம்: ஆதிதிராவிடத் தோழர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்களே, அவர்களுக்காக எந்தக் கலை இத்தனை வேகத்தோடு வழக்காடிற்று? கதவு திறக்க 1939இலும் 1947இலும் சட்டங்கள் தேவைப்பட்டன. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என 1970இல் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியும், பயிற்சி பெற்ற பலர் நியமன ஆணை பெற 2021 வரை காத்திருந்தனர்.

உள்ளே இருந்தோர் தமக்குள் மோதிக்கொண்டது சிறு பிளவு. மனிதரை வெளியே நிறுத்தியதே பெரும் பிளவு. முதலில் எதை அடைப்பது? நாடு விடை சொல்லட்டும்!