தங்கவயல் ஏற்கெனவே பார்த்துவிட்டது: சுரங்கம் மூடினால் ஊர் என்ன ஆகும்?

கார்பன் குறைந்த வளர்ச்சி என்று இப்போது பேசுகிறோமே, கோலார் தங்கவயலுக்கு அதில் ஒரு பாதி 1902-லேயே வந்துவிட்டது. காவிரியில், சிவனசமுத்திரத்தில் எடுத்த நீர்மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக நேராகத் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. பெங்களூருவுக்கே தெருவிளக்கு 1905-ல்தான். அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு மூடப்பட்டது. எந்த மின்சாரத்தில் ஓடியது என்பதெல்லாம் அன்றைக்கு ஊருக்கு உதவவில்லை.

இந்தக் கதை இப்போது எதற்கு? 2070-க்குள் நிகர கார்பன் உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அப்படியென்றால் நிலக்கரியை நம்பி வாழும் ஊர்கள் என்றைக்காவது தங்கவயலின் இடத்தில் நிற்கப் போகின்றன.

ஏன் மூடினார்கள்?

ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் 5 கிராமுக்கும் கீழே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிருந்தது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். 2001-ல் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 270 டாலர்தான். எடுக்கிற செலவு, விற்கிற விலையை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. ஆக, மூடியதில் ஆச்சரியம் இல்லை. மூடுகிற நாள் வரும் என்று பல வருஷம் முன்பே தெரிந்தும், அடுத்த நாளுக்குத் திட்டம் எதுவும் இல்லாமல் இருந்ததுதான் பிரச்சினை.

வேலை இழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் தமிழர்கள், வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் கூட்டிவரப்பட்ட தலித் குடும்பங்கள் அதில் அதிகம். இந்த எண்ணிக்கை சம்பளப் பட்டியலில் இருந்தவர்களை மட்டும்தான் சொல்கிறது. லைன் வீடுகளுக்கு நடுவே டீக்கடை வைத்தவர், தையல்காரர், பால்காரர் எல்லாம் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். இழப்பீட்டுத் தொகையும் அவர்கள் பக்கம் போகவில்லை.

ரயிலில் ஏறிய ஊர்

அப்புறம் ஊர் என்ன செய்தது? ரயிலேறியது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ஏறி, பங்காருபேட்டை வழியாக சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருவில் கடை, கம்பெனி, கட்டட வேலை; ராத்திரி திரும்புவது. சுரங்கத்துக்கு மாற்றாகக் கிடைத்தது ஒரு சீசன் டிக்கெட்!

2020 மார்ச்சில் அந்த ரயிலும் நின்றது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் தங்கம் அவுன்ஸுக்கு 2,000 டாலரைத் தாண்டியது.

நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2020-21-ல் பொருளாதாரம் கிட்டத்தட்ட 6 சதவீதம் சுருங்கி, அடுத்த ஆண்டே 9 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 100 ரூபாய் 94 ஆகி, அதிலிருந்து 103 ஆனது என்று வைத்துக்கொண்டால், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வளர்ச்சி 3 ரூபாய்தான். அந்த 3 ரூபாய் எந்த ஊருக்குப் போனது என்பதை ஜிடிபி எண் சொல்லாது. மீட்சியைத் தேசிய சராசரியில் மட்டும் அளந்தால் தங்கவயல் மாதிரி இடங்கள் கண்ணிலேயே படாது.

சரி, நிலக்கரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து என்ற இலக்கை இந்தியா 2025-லேயே எட்டிவிட்டது. நிறுவுதிறன் வேறு, உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரம் வேறு. அதில் சுமார் முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான். 2024-25-ல் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. ஜார்க்கண்டின் தன்பாத்திலோ, நம்ம நெய்வேலியிலோ நாளைக்கே பூட்டு விழாது. அவகாசம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை நிறுத்தச் சட்டம் போட்டபோது, அந்த வட்டாரங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2015-ல் சட்டப்படி வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. சுரங்கத்தை மூடும் செலவுக்காக நிறுவனங்கள் தனிக் கணக்கில் பணம் போட வேண்டும் என்று 2009-லேயே நிலக்கரிக்கு விதி வந்துவிட்டது. குழியை மூடி மரம் நடுவதுதான் அந்த விதியின் மையம். ஆளுக்கு வேறு தொழில் கற்றுத்தருவதற்கும் அதே மாதிரி முன்பணம் கட்டாயமாக வேண்டும். ஜார்க்கண்ட் 2022-ல் இதற்கென ஒரு பணிக்குழு அமைத்தது. மற்ற சுரங்க மாநிலங்களும் இதைத் தள்ளிப்போட முடியாது.

தங்கவயலில் இப்போது பேச்செல்லாம் சயனைடு மேடுகளைப் பற்றி. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண். காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி. 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியதும் அந்த மண்ணுக்கும் மதிப்பு ஏறிவிட்டது. 13 மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. மேட்டு மண்ணை எந்திரம் அள்ளும், ஆலை சலிக்கும். பழைய சுரங்கம் அளவுக்கு ஆட்களை அது எடுக்காது.

ஊரில் மிச்சமிருக்கும் பெரிய தொழிற்சாலை, பொதுத்துறையின் பி.இ.எம்.எல். அங்கே தயாராவது புல்டோசரும் மண் அள்ளும் எந்திரங்களும். அவற்றின் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒருவர், கோல் இந்தியா.