ஒரே காலணா, வேறு வேறு அச்சு

பழைய பாக்கியைத் தீர்க்க ஒரு டப்பா நிறையப் பழங்காசைக் கொண்டுவந்து கல்லா மேசையில் கொட்டும் வாடிக்கையாளரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அனுப்பம்பட்டில் மளிகைக் கடை நடத்தும் சங்க அன்பர் ஒருவருக்கு அண்மையில் அந்த அனுபவம் ஏற்பட்டது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த மூதாட்டி, "செம்பு விலைக்காவது எடுத்துக்கோப்பா" என்றாராம். "இரு ஆயா, விவரம் கேட்டுச் சொல்றேன்" என்று டப்பாவோடு நம்மிடம் வந்துவிட்டார் அன்பர். ஒரு மாலை முழுவதும் பூதக்கண்ணாடியுடன் உட்கார்ந்தோம்.

காசு அடிப்பது இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே செம்பு வில்லையை வைத்து அழுத்துகிற வேலை. அச்சு தேயும், விரிசல் விடும். உடனே புது அச்சு செய்வார்கள். புதியதில் எழுத்து சற்றுப் பெரிதாகிவிடும், கிரீடம் சற்றுத் தட்டையாகிவிடும். ஆண்டு ஒன்றாக இருந்தும் காசு வேறாவது இப்படித்தான். கனடா நாட்டின் 1859 பெரிய செம்பு சென்ட்டில், 1858-க்கென்று செய்த அச்சிலேயே 8-இன் மேல் 9-ஐக் குத்தி அடித்தவை உண்டு. அங்கே சேகரிப்போர் அந்த ஒரு இலக்கத்துக்காகவே கூடுதல் விலை தருகிறார்கள்.

நம் ஊரில் இதைக் கற்க எளிய காசு ஓட்டைக் காலணா. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943-இல் வந்து 1947 வரை அடிக்கப்பட்டது. துளைக்கு மேலுள்ள கிரீடத்தைப் பாருங்கள். உயரமானது, உருண்டையானது, தட்டையானது என்று வகைகள் இருக்கின்றன. எழுத்திலும் சிறிது, பெரிது உண்டு. நாலைந்து காசை வரிசையாக வைத்தால் கண்ணாடி இல்லாமலே தெரிந்துவிடும். பருப்பில் ரகம் பார்த்த கண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை.

1911 காலணாவின் கதை வேறு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. முதல் அச்சில் தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பவர்களுக்குப் பன்றி போலத் தோன்றியது. பெரும் முணுமுணுப்பு எழுந்தது. 1911 வெள்ளி ரூபாய் சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போனது, மற்றவை உருக்கப்பட்டன. 1912 முதல் தும்பிக்கை தெளிவாக உள்ள புது அச்சு வந்தது. ஆகவே ரூபாய்க்கு நல்ல கிராக்கி இருக்கிறது. காலணா அவ்வளவு அரிதல்ல. தேயாமல் இருந்தால்தான் மதிப்பு.

கம்பெனி ரூபாயும் கிடைத்தால் தள்ளிவிட வேண்டாம். 1840 ரூபாயில் ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ச்சியாகவும் இருக்கும், இரு பக்கமாகப் பிரிந்தும் இருக்கும். பின்புறத்து இலை வளையத்தில் உள்ள காய்களை எண்ணியே இன்னும் ரகம் பிரிக்கிறார்கள்! 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் 1874 வரை அதே ஆண்டுடன் அடிக்கப்பட்டது. பம்பாய் அச்சகம் அதில் சிறு புள்ளிகளை வைத்து ஆண்டை அடையாளம் காட்டியது.

அச்சு தெரிந்த பிறகுதான் தரம். மேடான இடம் முதலில் தேயும். ராணி காசில் கிரீடத்து மணிகளும் உடையின் பூவேலையும், ஜார்ஜ் காசில் கிரீடத்தின் வளைவும் அங்கியின் யானையும் பார்க்க வேண்டிய இடங்கள். தயவு செய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல ஆண்டுக்கு முன் நாமே ஒரு பிடி காலணாவைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுபோனோம். வாங்க வந்தவர் ஒன்றும் பேசாமல் ஒதுக்கி வைத்துவிட்டார். பழுப்பு நிறம் அழுக்கல்ல, காசின் வயது.

தராசையும் பயன்படுத்துங்கள். 1835 காலணா 6.48 கிராம், 1906-க்குப் பிறகு வந்த வெண்கலக் காலணா 4.86 கிராம். தேய்மானத்துக்குச் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. ராமர், அனுமன் உருவத்துடன் 1818 என்று போட்ட "ஒரு அணா" வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி அப்படி எதையும் வெளியிட்டதில்லை. அதை அடகாக வைத்துச் சாமான் வாங்கிப் போனவர்கள் உண்டு. பழங்காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் பேசுவோரும் உண்டு. அப்படி எந்த வேலையும் தான் செய்வதில்லை என்று வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நிலத்தைத் தோண்டிக் கிடைத்த காசு என்றால் விஷயமே வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆயாவின் டப்பாவில் 43 காசு. பெரும்பாலும் தேய்ந்த ராணிக் காசுகள். ஓட்டைக் காலணாவில் மூன்று விதக் கிரீடமும் இருந்தன. தும்பிக்கை குட்டையான 1911 காலணா இரண்டு, அதில் ஒன்று அருமையான நிலையில். அந்த ஒன்றைத் தனிக் காகித உறையில் போட்டு, என்ன காசு என்று மேலே எழுதி, டப்பாவோடு ஆயாவிடமே கொடுத்துவிட்டார் அன்பர். பாக்கி 640 ரூபாய் நோட்டில் அப்படியே நிற்கிறது.