14-ஆம் நாளை நம்பலாமா?

மாதவிடாய் தொடங்கிய 14-ஆம் நாளில் முட்டை வெடிக்கும் என்ற கணக்கை நம்பித்தான் பல தம்பதிகள் நாள் குறிக்கிறார்கள். முன்னிருந்து எண்ணுவதில்தான் கோளாறு. ஜப்பானிய மகப்பேறு மருத்துவர் கியூசாகு ஓகினோ 1924-இல் சொன்னது பின்னிருந்து எண்ணும் கணக்கு: அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னால் கருமுட்டை வெளிப்படுகிறது. ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னவுஸும் தனியாக ஆராய்ந்து ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். முட்டை வெளியேறிய குமிழ் மஞ்சள் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரான் சுரக்கும்; கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே பின்பாதி அதிகம் மாறாது. முட்டை முதிரும் முன்பாதிதான் நீளும், குறுகும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு 21-ஆம் நாளையொட்டியே முட்டை வெளிவரும். ஆனால் இன்னும் வராத மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எப்படி? பழைய மாதங்களின் சராசரியை மட்டும் வைத்து நாள் சொல்லும் செயலிகளாலும் இந்தச் சிக்கலைத் தாண்ட முடியாது.

‘எனக்கு மாதம் தவறாமல் வருகிறதே’ என்று கேட்கலாம். 221 பெண்களை ஆராய்ந்து 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை அந்த நிம்மதியையும் கலைக்கிறது. கருத்தரிக்கக்கூடிய ஆறு நாட்களும் சுழற்சியின் 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் இடையில் முழுதாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான். முட்டையின் ஆயுள் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். எனவே முட்டை வெளிவரும் முன்பே தெரிந்தால்தான் பயன். காலையில் எழுவதற்கு முன் பார்க்கும் உடல் வெப்பநிலை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவது முட்டை வெளிவந்த பிறகுதான். பலரும் இந்த வெப்பநிலை அட்டவணையை அந்த மாதத்துக்கே வழிகாட்டியாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். முன்கூட்டிச் சொல்வது கருப்பை வாய்த் திரவம்: பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளும். காசே செலவில்லாத இந்த அடையாளத்தைப் பேசக் கூச்சப்பட்டே ஒதுக்கிவிடுகிறோம். சிறுநீரில், முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் எகிறுவதைக் காட்டும் பட்டை சுமார் 24 முதல் 36 மணி நேரம் முன்னால் எச்சரிக்கும்.

அப்படியானால் பட்டை ஒன்றே போதாதா? சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருந்து பொய்யாகக் கோடு காட்டலாம். ஹார்மோன் எகிறியும் முட்டை வெடிக்காத மாதங்களும் உண்டு. தாமதமாக வரும் வெப்பநிலைக் கணக்கு இங்கேதான் உதவுகிறது: பட்டை சொன்னது நடந்ததா என்று அது பெரும்பாலும் காட்டும். நாள் சரியாக அமைந்தும் ஓராண்டில் கரு தங்காவிட்டால், 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணவரின் விந்துப் பரிசோதனையும் முதல் கட்டத்திலேயே நடக்க வேண்டும்.